எலிக்கு ஆழத்துல மாறுன மருந்து எனக்கும் மாறுமா? ஏடிஹெச்டி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே டைவிங் கத்துக்கப் போற வாசகருக்கு

பேர் போடாதீங்க டாக்டர்னு கேட்டுக்கிட்டு ஒரு வாசகர் நீளமா எழுதியிருக்காரு. வயசு 28. சின்ன வயசுலேர்ந்தே எதுலயும் மனசு நிக்காது, ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஏடிஹெச்டின்னு கண்டுபிடிச்சு மெத்தில்ஃபெனிடேட் ஆரம்பிச்சிருக்காங்க, காலைல ஒரு லாங் ஆக்டிங் மாத்திரை. மூணு வாரம் முன்னாடி டோஸ கூட்டியிருக்காங்க. இப்ப ஸ்கூபா டைவிங் கோர்ஸ்ல சேந்துட்டாரு, அடுத்த மாசம் கடல்ல இறங்கணும். கோர்ஸ்ல கொடுத்த மெடிக்கல் ஃபார்ம்ல "தொடர்ந்து மருந்து எடுக்கிறீங்களா"ங்கிற கேள்விக்கு இல்லைன்னு டிக் போட்டுட்டாரு, அதுலேர்ந்து தூக்கம் சரியில்லையாம்.

அதுக்கப்புறம் நெட்ல தேடியிருக்காரு. அதிக அழுத்தத்துல எலிங்களுக்கு ஆம்ஃபெட்டமைன் (இவர் மாத்திரை மாதிரியே ஊக்கமருந்து வகை) கொடுத்தா அதுங்க நடந்துக்கிற விதமே மாறிப்போச்சுன்னு பழைய ஆராய்ச்சி ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு. கூட்டமா அடைச்சு வச்ச சுண்டெலிங்க அதே மருந்துல சீக்கிரம் செத்துச்சுன்னு இன்னொண்ணு. கூட கோர்ஸ் பண்ற நண்பர் நேர் எதிரா சொல்றாராம், "ஆழத்துல நைட்ரஜன் மந்தமாக்கும், உன் மாத்திரை முழிப்பா வச்சிருக்கும், ரெண்டும் சரியாப் போயிடும், உனக்கு அது பிளஸ்"ன்னு. இவர் போட்டு வச்சிருக்கிற பிளான் டைவ் நாள்ல மட்டும் மாத்திரைய விட்டுடறது. "எனக்கு பிரஷர்லாம் கிடையாது டாக்டர், மாத்திரை போட்டப்புறம் பாத்தா 134/88, பல்ஸ் 92, அவ்ளோதான்"னு சேத்து எழுதியிருக்காரு. நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலா கலந்த காத்து) கோர்ஸும் சேத்து பண்ணலாமா, டைவுக்கு முன்னாடி காபி குடிக்கலாமா, இன்ஸ்ட்ரக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லியே ஆகணுமா, இதுதான் கேள்வி.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஏடிஹெச்டி இருக்கு, மாத்திரை சாப்பிடுறீங்கங்கிறதுக்காக மட்டும் உங்களுக்குக் கடல் கிடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். சரியா பரிசோதனை பண்ணி, டாக்டர் ஒப்புதலோட, அளவான ஆழத்துல டைவ் பண்றவங்க இருக்காங்க. ஆனா நீங்க போட்டிருக்கிற பிளான் இருக்கே, யாருக்கும் சொல்லாம, மூணு வாரம் முன்னாடி டோஸ் மாத்தின நிலைமைல, அன்னைக்கு மட்டும் மாத்திரைய விட்டுட்டு இறங்கறது, அது வேண்டாம். ஏன்னு சொல்றதுக்கு அந்த எலிகள்கிட்டதான் போகணும், ஏன்னா நீங்க படிச்சது பொய் இல்ல, நீங்க அதுலேர்ந்து எடுத்துக்கிட்ட அர்த்தம்தான் கொஞ்சம் தப்பு.

பிரஷர்னா எந்த பிரஷர்?

உங்க கடிதத்துல பிரஷர்ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள மூணு விஷயம் கலந்து கெடக்கு. ஒண்ணு ரத்த அழுத்தம், அதத்தான் "எனக்கு பிரஷர் கிடையாது"ன்னு சொல்றீங்க (134/88-ஐ அப்படி விட்டுட முடியாது, அதுக்கு அப்புறம் வர்றேன்). ரெண்டாவது கூட்டம், நெருக்கடி, சூடு. நீங்க படிச்ச சுண்டெலி சமாச்சாரம் அதுதான், 1940-ல கன், கர்ட்னு ரெண்டு பேர் கவனிச்சது, தனியா இருக்கிற சுண்டெலி தாங்கிக்கிற ஆம்ஃபெட்டமைன் அளவு, பல சுண்டெலிய ஒரே கூண்டுல போட்டா கொன்னுடும். 1946-ல சான்ஸ்ங்கிறவர் அத இன்னும் விளக்கமா பண்ணிக் காட்டினாரு, ரூமோட சூடும் அதுல பெரிய பங்குன்னு. இந்த மருந்துங்க உடம்புச் சூட்ட ஏத்தும், கூட்டத்துல ஒண்ணையொண்ணு சீண்டிக்கிட்டு ஓடுற ஜந்துக்கு அந்தச் சூடு வெளிய போக வழியில்ல. இதுக்கும் கடல் ஆழத்துக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. ஆனாலும் நீங்க அதப் படிச்சது நல்லதுதான்னு நெனைக்கிறேன், ஒரு மருந்தோட விளைவு மாத்திரைக்குள்ள மட்டும் இல்ல, அத சாப்பிட்ட உயிர் எங்க இருக்கு, என்ன பண்ணிக்கிட்டு இருக்குங்கிறதுலயும் இருக்குன்னு இதவிட அழுத்தமா காட்டின சோதனை குறைவு.

மூணாவதுதான் நம்ம விஷயம், சுத்தி இருக்கிற தண்ணி, நீங்க சுவாசிக்கிற காத்து, இதோட அழுத்தம். கடல்ல ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு அட்மாஸ்பியர் கூடும். மேல ஒண்ணு, 10 மீட்டர்ல ரெண்டு, 30 மீட்டர்ல நாலு. சிலிண்டர்லேர்ந்து வர்ற காத்தும் அதே அழுத்தத்துலதான் வரும், அதனால 30 மீட்டர்ல உங்க ரத்தத்துலயும் மூளையிலயும் கரையுற நைட்ரஜன் தரைல இருக்கிறத விட நாலு மடங்கு வரைக்கும் போகும். ஆழத்துல வர்ற மந்தத்துக்கும் மயக்கத்துக்கும் காரணம் நைட்ரஜன்தான்னு 1935-ல ஆல்பர்ட் பென்கியும் அவர்கூட இருந்தவங்களும் சொன்னாங்க, அதுக்கு முன்னாடி பயம், மூடின எடத்துல இருக்கிற கலக்கம்னுகூட நெனச்சாங்க. சாதாரண காத்துல சுமார் 30 மீட்டர்லேர்ந்து பலருக்கு இது தெரிய ஆரம்பிக்கும், லேசா குடிச்ச மாதிரி, சிலருக்கு சந்தோஷம், சிலருக்கு காரணமே இல்லாத பயம். மேல வந்தா சில நிமிஷத்துல போயிடும்.

இதுலயும் ஒரு பிரிவு இருக்கு, அத விட்டுட்டா எலி ஆராய்ச்சி எதுவும் புரியாது. வெறும் அழுத்தம் வேற, அழுத்தத்தோட உள்ள போற வாயு வேற. 1950-ல ஜான்சன், ஃபிளாக்லர்னு ரெண்டு பேர் தவளைக்குஞ்சுங்கள ஆல்கஹால்ல மயக்கி, நூறு அட்மாஸ்பியருக்கும் மேல தண்ணி அழுத்தத்த மட்டும் கொடுத்தாங்க, வாயு எதுவும் கிடையாது. மயங்கிக் கெடந்த குஞ்சுங்க எழுந்து நீந்த ஆரம்பிச்சிடுச்சு. அழுத்தம் மயக்கத்தப் போக்குது! ஆனா நைட்ரஜன அழுத்தினா அதுவே மயக்குது. ஹீலியம் வச்சு ரொம்ப ஆழத்துக்கு, சுமார் 150 மீட்டர் தாண்டி, வேகமா போனா நடுக்கம், துடிப்பு வருது, மந்தத்துக்கு நேர் எதிர். ஆக "அதிக அழுத்தத்துல மருந்து மாறுது"ன்னு யாராவது சொன்னா உடனே நீங்க கேக்கவேண்டியது, எந்த வாயுல, எத்தனை அட்மாஸ்பியர்லன்னுதான்.

சரி, அந்த எலிங்க என்ன பண்ணிச்சு

1970-கள்ல அமெரிக்கக் கடற்படையோட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல, மேரிலாண்ட்ல பெதஸ்டாங்கிற ஊர்ல, இத வரிசையா சோதிச்சாங்க. கடல்ல வேலை பாக்கிறவங்க மருந்து சாப்பிட்டுட்டு இறங்கினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணும். எலிங்களுக்கு முதல்ல ஒரு வேலை கத்துக்கொடுப்பாங்க, லீவர அழுத்தினா தீனி. ஆனா சும்மா அழுத்தினா வராது, கணக்கு இருக்கும். இத்தனை தடவை அழுத்தணும், இல்லன்னா இத்தனை நேரம் காத்திருந்து அழுத்தணும். வேலை நல்லா பழகினதும் ஆம்ஃபெட்டமைன் கொடுத்து, சேம்பர்ல வச்சு அழுத்தத்த ஏத்தி, அதே வேலைய செய்ய விடுவாங்க. மருந்து மட்டும், அழுத்தம் மட்டும், ரெண்டும் சேந்து, எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. ரெண்டும் சேந்தப்போ வந்த மாற்றம் வெறும் கூட்டல் கணக்கா வரல. தரைல அந்த டோஸ் என்ன பண்ணிச்சுங்கிறத வச்சு ஆழத்துல என்ன பண்ணும்னு சொல்ல முடியல. எனக்கு அந்த ஆராய்ச்சிலேயே ரொம்ப முக்கியமான சேதி இதுதான்.

இதுல காத்திருக்கிற வேலைய மட்டும் கொஞ்சம் நின்னு பாருங்க, ஏன்னா டைவிங்கோட உயிரே அதுல இருக்கு. எலி ஒரு தடவை அழுத்திட்டு, குறிப்பிட்ட நொடி பொறுத்து மறுபடி அழுத்தினாத்தான் தீனி, அவசரப்பட்டு முன்னாடியே அழுத்திட்டா கடிகாரம் திரும்ப முதல்லேர்ந்து ஓடும். ஆம்ஃபெட்டமைன் கொடுத்த எலி முழிப்பாதான் இருக்கும், சுறுசுறுப்பாதான் இருக்கும், ஆனா பொறுக்காது, முன்னாடியே அழுத்திட்டே இருக்கும், தீனி கொறஞ்சுபோகும். வெளிலேர்ந்து பாக்கிறவனுக்கு "அடடா எவ்ளோ சுறுசுறுப்பு"ன்னு தோணும், கணக்குப் பாத்தா தோல்வி. பீட்டர் ட்யூஸ்ங்கிறவர் 1950-கள்ல புறாக்கள வச்சு இன்னொண்ணும் காட்டினாரு, ஒரே ஊக்கமருந்து, ஒரே டோஸ், மெதுவா கொத்திக்கிட்டிருந்த புறாவ வேகமாக்குது, ஏற்கனவே வேகமா கொத்துற புறாவ மெதுவாக்குது. மருந்து "தூண்டுது"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிட முடியாது, அந்த நேரத்துல அந்த உயிர் என்ன செஞ்சுக்கிட்டிருக்குங்கிறதப் பொறுத்து திசையே மாறுது. ஏடிஹெச்டி உள்ளவங்களுக்கு சரியான டோஸ்ல இந்த மாத்திரை அமைதியையும் பொறுமையையும் கொடுக்குது, அது உங்களுக்கே தெரியும். கூடுதல் டோஸ்ல எலிக்கு வந்தது அதுக்கு நேர் எதிர். அதனாலதான் உங்க புது டோஸ் உங்ககிட்ட எந்தப் பக்கம் வேலை செய்யுதுன்னு தரைலயே முதல்ல தெரிஞ்சாகணும்ங்கிறேன்.

இப்ப உங்க நண்பரோட தியரி. அவர் சும்மா சொல்லல, அதுக்குள்ள ஒரு நியாயம் இருக்கு. பிரான்ஸ்ல மார்செய்ல ஒரு குழு எலிங்களோட மூளைல ஸ்ட்ரையேட்டம்ங்கிற பகுதில டோபமைன, அதாவது நரம்புக்கு நரம்பு சேதி கடத்துற ஒரு ரசாயனத்த, அளந்து பாத்தாங்க. சுமார் 30 அட்மாஸ்பியர் நைட்ரஜன்ல டோபமைன் கொறஞ்சுது. ஹீலியம்-ஆக்சிஜன் கலவைல அழுத்தத்த ஏத்தினா டோபமைன் கூடுச்சு, எலியோட ஓட்டமும் கூடுச்சு. உங்க மாத்திரை பண்றதும் டோபமைனையும் நார்அட்ரினலினையும் கூடுதல் நேரம் வெளிய நிக்க வைக்கிறதுதான். அப்ப நைட்ரஜன் கொறைக்குது, மாத்திரை கூட்டுது, சரியாப் போச்சுன்னு தோணத்தான் செய்யும். ஆனா அந்த 30 அட்மாஸ்பியர் நீங்க போற ஆழமே இல்ல, முதல் கோர்ஸ்ல உங்களுக்கு அதிகபட்சம் 18 மீட்டர், அதாவது மூணு அட்மாஸ்பியருக்கும் கீழ. இன்னொண்ணு, நைட்ரஜன் டோபமைன மட்டும் தொட்டுட்டுப் போறதில்ல, மயக்க மருந்து மாதிரி பல எடத்துல ஒரே நேரத்துல கைவைக்குது. ஒரு கதவ மாத்திரை திறந்து வச்சதால வீடு முழுக்க வெளிச்சமாயிடாது.

ஒருவேளை மாத்திரை உங்க வேகத்தக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கலாம், நான் மறுக்கல. வேகமா செய்றது வேற, சரியா செய்றது வேற. இதவிட எனக்குப் பயம் எதுலன்னா, மயக்கம் தெரியாம இருக்கிறதுலதான். 1995-ல வந்த ஒரு ஆராய்ச்சில திரும்பத் திரும்ப நைட்ரஜன் மயக்கத்துக்கு ஆளானவங்களுக்கு "எனக்கு ஒண்ணும் ஆகல"ங்கிற உணர்வு பழகிப்போச்சு, ஆனா கையில கொடுத்த வேலைல தடுமாற்றம் அப்படியேதான் இருந்துச்சு. உணர்வு ஒரு பக்கம் போகுது, திறமை ஒரு பக்கம் நிக்குது. ஊக்கமருந்து அந்த உணர்வ இன்னும் தெளிவாக்கிட்டா, நான் நல்லாத்தானே இருக்கேன்னு இன்னும் அஞ்சு மீட்டர் இறங்கிடுவீங்க. மந்தமா இருக்குன்னு தெரிஞ்சவன் மேல வருவான். தெரியாதவன் வர மாட்டான்.

ஒண்ணு நியாயமா சொல்லணும், எலியோட கணக்க அப்படியே மனுஷன் மேல வைக்கக் கூடாது. அதுங்களுக்குக் கொடுத்தது ஆம்ஃபெட்டமைன், ஊசில, நீங்க சாப்பிடறது வாய்வழியா மெதுவா கரையுற மெத்தில்ஃபெனிடேட். மனுஷங்கள வச்சு அழுத்தத்துல மருந்து கொடுத்துப் பாத்த ஆராய்ச்சி ரொம்பக் குறைவு, இருக்கிறதுல ஒண்ணு 2000-ல வந்தது, சளிக்கு மூக்கடைப்புக்குச் சாப்பிடற சூடோஎஃபெட்ரின டைவர்களுக்குக் கொடுத்து, சேம்பர்ல மூணு அட்மாஸ்பியர்ல சோதிச்சாங்க, மனத்திறன்லயும் இதயத்துலயும் பெருசா மாற்றம் எதுவும் வரல. அதே குழு அதே மாதிரி, வாந்திக்குச் சாப்பிடற டைமென்ஹைட்ரினேட்ட பாத்தப்போ அது மனச நெகிழ்வா மாத்தி மாத்தி யோசிக்கிற திறனக் கெடுத்துச்சு. ஊக்கம் கொடுக்கிறதுதான் ஆபத்து, தூக்கம் கொடுக்கிறது சாதுன்னு நெனச்சு கப்பல் குமட்டலுக்கு ஒண்ணப் போட்டுக்கிட்டு இறங்கறவங்க நெறைய பேர், அதனாலதான் இத இங்க சொல்றேன். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாத்தான் பாக்கணும்.

நைட்ராக்ஸ் இப்ப வேண்டாம்

இதுல நான் தயங்காம சொல்வேன். அதிக அழுத்தத்துல ஆக்சிஜன் வலிப்பு வரவைக்கும்னு பால் பெர்ட் 1878-லேயே எழுதி வச்சிட்டாரு. ஆம்ஃபெட்டமைன் மாதிரி மருந்துங்க மிருகங்கள்ல அந்த வலிப்ப சீக்கிரம் கொண்டுவருதுன்னு தெரியும். மெத்தில்ஃபெனிடேட் பெட்டிக்குள்ள இருக்கிற காகிதத்துலயே வலிப்பு வர்ற எல்லைய அது கொறைக்கலாம்னு எச்சரிக்கை இருக்கு, எடுத்துப் படிச்சுப் பாருங்க. தரைல வலிப்பு வந்தா பெரும்பாலும் பிழைச்சுக்கலாம். தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா வாய்லேர்ந்து ரெகுலேட்டர் (மூச்சுக் காத்து தர்ற கருவி) விழும், அவ்ளோதான்.

கணக்கு இதுதான். சாதாரண காத்துல 18 மீட்டர்ல ஆக்சிஜன் அழுத்தம் 0.59 அட்மாஸ்பியர், 30 மீட்டர்ல 0.84. பொழுதுபோக்கு டைவிங்ல வழக்கமா வைக்கிற எல்லை 1.4. அதுக்கும் இதுக்கும் நடுவுல நெறைய எடம் இருக்கு, அதனால காத்துல டைவ் பண்றப்போ இந்த பயம் உங்களுக்குத் தேவையில்ல. 32 சதவீத நைட்ராக்ஸ்ல 30 மீட்டர் போனா 1.28, எல்லைக்குப் பக்கத்துல வந்துட்டீங்க, அங்க வேகமா நீந்தி மூச்சு வாங்கி கார்பன் டை ஆக்சைடு சேந்துச்சுன்னா ஆபத்து இன்னும் ஏறும். வலிப்பு எல்லையக் கொறைக்கிற மருந்து உள்ள இருக்கிறவருக்கு அந்த நடு எடம்தான் பாதுகாப்பு, அத ஏன் நீங்களா கொறைச்சுக்கணும்?

134/88-ஐ சாதாரணமா எடுத்துக்காதீங்க

28 வயசுல, மாத்திரைக்கு அப்புறம் இந்த அளவுன்னா அது நார்மல் இல்ல, பயப்படற அளவும் இல்ல, கவனிக்கிற அளவு. கழுத்து வரைக்கும் தண்ணில நின்னாலே கால்ல இருக்கிற ரத்தம் சுமார் அரை லிட்டருக்கும் மேல நெஞ்சுக்கு ஏறிடும், இதயம் கூடுதலா விரியும், அது மேல குளிர்ந்த தண்ணி ரத்தக்குழாய சுருக்கும், அது மேல இழுக்கிற நீரோட்டத்த எதிர்த்து நீந்தறது, அது மேல நாடித்துடிப்ப ஏத்துற மாத்திரை. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிற ஒரு பிரச்சினை டைவர்களுக்கு வரும், அதுக்கு உயர் ரத்த அழுத்தம் ஒரு முக்கியமான காரணம். டைவிங் சாவுகள்ல இதயம் சம்பந்தப்பட்டது கொஞ்சநஞ்சம் இல்ல, ஆழத்துக்கும் நைட்ரஜனுக்கும் பயப்படற எளவட்டங்க யாரும் இதுக்குப் பயப்படறதில்லங்கிறது எனக்கு உண்மையிலேயே கவலை. ஒரு வாரம் தினமும் மாத்திரை முழு வேகத்துல இருக்கிற நேரத்துல அளந்து எழுதி வைங்க. வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல திடீர் மாரடைப்பு, திடீர் சாவு இருந்துச்சான்னு கேட்டுக்கோங்க. ஈசிஜி ஒண்ணு, தேவைன்னா ஓடவிட்டு எடுக்கிற டெஸ்ட் ஒண்ணு.

காபி பத்தி கேட்டிருந்தீங்க. டைவுக்கு முன்னாடி மாத்திரையோட சேத்து ரெண்டு மூணு கப் வேண்டாம், ரெண்டும் ஒரே பக்கம்தான் தள்ளும்.

மாத்திரைய அன்னைக்கு மட்டும் விட்டா?

பலரும் பண்றது இதுதான், கேக்கறதுக்கு ஜாக்கிரதையா தெரியும். உங்க மாத்திரை பத்துப் பன்னெண்டு மணி நேரத்துல எறங்கிடும், அடுத்த நாள் காலைல போடலன்னா மருந்தோட வேலை இருக்காது. ஆனா அந்த எடத்துக்கு வர்றது என்ன? மாத்திரைக்கு முன்னாடி இருந்த நீங்க. காத்து எவ்ளோ மிச்சம்னு காட்டுற கேஜ பாக்க மறக்கறது, சொன்னத பாதியில விட்டுட்டு அழகான மீன் பின்னாடி போறது, மேல வர்ற வழில பாதுகாப்புக்காக அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் சும்மா நிக்கச் சொன்னா நிக்க முடியாம மேல கெளம்பறது. நீங்களே எழுதியிருக்கீங்க, மாத்திரை போடாத நாள்ல வண்டி ஓட்ட வீட்டுல விடறதில்லன்னு. வண்டி ஓட்ட விடாத நாள்ல கடலுக்குள்ள எப்படி? அந்த மந்தத்த நைட்ரஜனும் சேந்து கூட்டும்ங்கிறது வேற.

அதுக்காக மாத்திரையோட இறங்கறது தானா பாதுகாப்பாயிடாது. ரெண்டு பக்கமும் எடை போட்டுத்தான் பாக்கணும். மாத்திரை இல்லாம பல வாரம் நல்லா இருக்கிறவங்க உண்டு, அவங்களுக்கு விட்டுட்டு டைவ் பண்றது நியாயமான வழி, ஆனா அது நீங்க இல்ல. நிலையான டோஸ்ல, பக்கவிளைவு இல்லாம, பிரஷரும் பல்ஸும் கட்டுக்குள்ள இருந்து, மாத்திரை போட்டாத்தான் பொறுப்பா இருக்க முடியும்னா, மாத்திரையோட, சாதாரண காத்துல, 18 மீட்டருக்குள்ள, இதெல்லாம் தெரிஞ்ச இன்ஸ்ட்ரக்டரோட இறங்கறது ஒரு வழி. உங்களுக்கு நான் சொல்றது அதுக்கு முந்தின படி, கொஞ்சம் தள்ளிப் போடுங்க. டோஸ் மாறி மூணு வாரம்தான் ஆச்சு, தூக்கம் கெட்டிருக்கு (குற்ற உணர்ச்சி மட்டும்தான் காரணம்னு நான் நம்பல, கூடின டோஸும் தூக்கத்தக் கெடுக்கும்), பிரஷர் லேசா ஏறியிருக்கு. இந்த மூணும் அடங்கற வரைக்கும் ஸ்விம்மிங் பூல் பயிற்சிகூட டாக்டர் சொன்னப்புறம் பண்ணுங்க. யாரக் கேக்காமலும் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, கொறைக்காதீங்க, டைவுக்காக நேரத்தக்கூட மாத்தாதீங்க.

அந்த ஃபார்ம்

இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லியே ஆகணுமான்னு கேட்டீங்க. ஆமாம், அந்த டிக்க மாத்தியே ஆகணும். நீங்க பயப்படற மாதிரி ஆமாம்னு எழுதினா கதவு சாத்திடாது, பெரும்பாலும் டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னுதான் சொல்வாங்க. கூட படிக்கிற பத்துப் பேருக்கு முன்னாடி சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, உங்க நோய், உங்க மருந்து உங்க சொந்த விஷயம், அத இன்ஸ்ட்ரக்டர்கிட்ட தனியா சொல்லலாம், வெளிய பேசக் கூடாதுன்னு கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. அவர் ஒத்துக்க முடியாதுன்னு சொல்ற உரிமை அவருக்கும் இருக்கு, ஏன்னா தண்ணிக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இழுத்துட்டு வரப்போறவர் அவர்தான், வேகமா மேல வந்து, அழுத்தம் சட்டுனு கொறையறதால வர்ற நோய் அவருக்கே வந்துடலாம். மறைச்சது அப்புறம் தெரிஞ்சா இன்ஷூரன்ஸ் பணம் சிக்கலாகும். அதவிட முக்கியம், மயங்கிக் கெடக்கறப்போ ட்ரீட்மெண்ட் சேம்பர்ல அழுத்தத்தோட ஆக்சிஜன் கொடுக்கப்போற டாக்டருக்கு உங்க உடம்புல என்ன மருந்து இருக்குன்னு தெரியாமப் போயிடும், அந்த ஆக்சிஜன் அளவு நான் மேல சொன்ன எல்லையவிட ரொம்ப அதிகம்.

சொல்றதுக்கு வார்த்தை வரலன்னா இப்படிச் சொல்லுங்க. "ஃபார்ம்ல ஒரு கேள்விக்குத் தப்பா பதில் போட்டுட்டேன், தினமும் ஒரு மருந்து எடுக்கிறேன், டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் வாங்கிட்டு வர்றேன், அது வரைக்கும் என் தேதிய தள்ளி வைங்க." இவ்ளோதான். கோபப்பட்டாங்கன்னா கொஞ்ச நேரம் கேட்டுக்கோங்க, அதுல நியாயம் இருக்கு.

இந்த வாரமே மனநல டாக்டர்கிட்ட ஒரு தடவை போங்க, தூக்கம் கெட்டதையும் பிரஷரையும் சொல்லுங்க, டைவிங் பண்ணப் போறேங்கிறதையும் சொல்லுங்க. அவருக்கு டைவிங் தெரியாம இருக்கலாம், டைவிங் மெடிசின் தெரிஞ்ச டாக்டருக்கு மனநல மருந்து அவ்வளவா பழக்கம் இல்லாம இருக்கலாம், அதனால மருந்துப் பேர், டோஸ், என்னைக்கு மாத்தினது, மாத்திரை போடாத நாள்ல நீங்க எப்படி இருப்பீங்க, ஒரு வாரப் பிரஷர் கணக்கு, எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி ரெண்டு பேருக்கும் காட்டுங்க. முடிஞ்சா அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஃபோன்ல பேசிக்கட்டும்.

ஒப்புதல் கெடைச்சு இறங்கற நாள் வந்தா, கூட இறங்கறவர்கிட்ட முன்னாடியே ஒண்ணு பேசி வச்சுக்கோங்க. உங்க நண்பரா இருந்தாலும் சரி, அவர் தியரிய தரையிலேயே விட்டுட்டு வரச் சொல்லுங்க. ஒருத்தர் கட்டைவிரல மேல காட்டினா இன்னொருத்தர் ஏன்னு கேக்காம கூட மேல வரணும். உங்க முகம் மாறினாலோ, கேள்விக்குப் பதில் சிக்னல் லேட்டா வந்தாலோ, நீங்க ஓகேன்னு காட்டினாலும் அவர் உங்கள நம்பாம மேல கூட்டிட்டு வரணும். அத இப்பவே அவர்கிட்ட சொல்லி வைங்க.